குத்தியதா, கிழித்ததா?

இராமேஸ்வரம் தீவில் ஏதாவது ஓர் அரசு மருத்துவமனையில், காயத்துக்குக் கட்டுப் போடும் அறை வாசலில் காலை நேரத்தில் சற்று நின்றால் இப்படிப்பட்ட பேச்சுத்தான் காதில் விழும். "கெளுத்தி குத்திருச்சு சிஸ்டர்." "தங்கூசி அறுத்துருச்சு." "கல்லு கிழிச்சிருச்சுக்கா, தண்ணிக்குள்ள தெரியல." தன் விரலில் காயம் ஏற்பட்டுள்ளதாக அங்கே யாரும் அறிவிப்பதில்லை. அது செய்தி வாசிக்கிற தமிழ். கடற்கரைப் பேச்சில் எழுவாய் இடத்தில் காயப்படுத்திய பொருள் உட்கார்ந்திருக்கும். பயனிலை இடத்தில் அது செய்த வேலை இருக்கும். இரண்டே சொல்லில், எதனால் என்பதும் எப்படி என்பதும் வந்துவிடுகின்றன. ஊசியை எடுக்கலாமா, தையல் பெட்டியை எடுக்கலாமா, வெந்நீர் போடச் சொல்லலாமா என்று செவிலியர் அந்த இரண்டு சொல்லை வைத்தே பாதி முடிவுக்கு வந்துவிடுவார்.

வெட்டு, அறுப்பு, கீறல், கிழிசல், சிராய்ப்பு, குத்து, நசுங்கல் எனப் பட்டியல் நீளமானது. ஆனால் பேசுகிறவர் எவரும் ஒன்றின் இடத்தில் இன்னொன்றைப் போடுவதில்லை. அரிவாள் ஓங்கி இறங்கினால் வெட்டு. கயிறோ பிளேடோ தோல்மேல் ஓடிக்கொண்டே உள்ளே இறங்கினால் அறுப்பு. காகிதத்தின் ஓரம் விரலை அறுக்குமே தவிர வெட்டாது. இந்த வேறுபாட்டுக்குப் பின்னால் இயற்பியல் இருக்கிறது. மென்மையான பொருளை நேராக அழுத்திப் பிளக்க அதிக விசை வேண்டும். விளிம்பை இழுத்துக்கொண்டே அழுத்தினால் அதில் ஒரு பகுதி போதும். மொட்டைக் கத்தியால் தக்காளி நறுக்கிய எவருக்கும் இது தெரியும். பெரிய மீன் சிக்கி, கையில் பிடித்திருக்கும் தங்கூசி நரம்பு சரசரவென்று ஓடும்போது நடப்பதும் அதுதான். நைலான் நரம்புக்குக் கூர்முனை எதுவும் கிடையாது. ஓட்டம்தான் அதன் கூர்மை.

சிராய்ப்பு வேறு வகை. உடம்பின் பெரும்பகுதியில் மேல்தோல் என்பது ஏறத்தாழ 0.1 மில்லிமீட்டர் கனம்தான். அதற்குள் ரத்தக்குழாய் இல்லை. அதனால்தான் லேசாகச் சிராய்த்தால் ரத்தத்துக்குப் பதில் நீர் கசிகிறது. இன்னும் கொஞ்சம் ஆழமாய்ப் போனால் கீழ்த்தோலின் மேடுகள் அறுபட்டுப் புள்ளி புள்ளியாக ரத்தம் பூக்கிறது. மண்ணில் விழுந்த பிள்ளை "தோல் உரிஞ்சிருச்சு" என்று அழுதால் அது உடற்கூறியல்படி சரியான வாக்கியம். வலி மட்டும் ஏன் ஒரு நல்ல வெட்டைவிடக் கூடுதலாக இருக்கிறது என்றால், பரப்பு பெரிது. அந்தப் பரப்பில் வெளிக்காற்றுக்கு வந்துவிட்ட நரம்பு முனைகளும் அதிகம்.

வெட்டையும் கிழிசலையும் பிரிப்பது தடயவியல் மருத்துவத்தின் முதல் பாடம். கூரான ஆயுதம் தோலையும் அடியிலுள்ள திசுவையும் நரம்பையும் குழாயையும் ஒரே சீராகத் துண்டிக்கிறது. மொட்டையான பொருள் தோலை நசுக்கி, இழுத்து, தாங்காத இடத்தில் பிய்க்கிறது. பிய்ந்த காயத்தின் விளிம்பு ஒழுங்கற்று, கன்றிப்போய் இருக்கும். உள்ளே பார்த்தால் இந்தக் கரைக்கும் அந்தக் கரைக்கும் இடையில் அறுபடாத திசு இழைகள் குறுக்கே நிற்கும். கத்திக்குத் தப்பி எந்த இழையும் நிற்காது. இவ்வளவு தெளிவான வேறுபாட்டை ஆங்கிலத்தில் குறிப்பெழுதும் அவசரச் சிகிச்சை மருத்துவர்கள் பல நாடுகளில் குழப்பிவிடுகிறார்கள். வெட்டு, கிழிசல் எல்லாவற்றுக்கும் 'லேசரேஷன்' என்று எழுதிவிட்டுப் போவார்கள். அந்தச் சொல்லின் பொருள் கிழிசல். ஆயுதம் கத்தியா கட்டையா என்று வழக்கறிஞர் கேட்கும்போதுதான் எழுதியதன் விலை தெரியும். தடயவியல் பாடநூல்கள் இந்தப் பழக்கத்தைத் திட்டித் தீர்த்திருக்கின்றன.

தமிழும் எல்லா இடத்திலும் சாமர்த்தியமாக இல்லை. "மண்டை உடைஞ்சிருச்சு" என்று வருகிறவர்களில் பெரும்பாலோருக்கு மண்டையோடு முழுசாகத்தான் இருக்கும். கிழிந்தது தலையின் தோல் மட்டும். அடியில் எலும்பு கெட்டியாக நிற்பதால், கட்டையடி பட்ட தலைத்தோல் கத்தி வெட்டுப்போல் நேராகப் பிளந்துகொள்ளும். நெற்றியிலும் முழங்காலுக்குக் கீழே முன்னெலும்பின் மேலும் இதே கதை. தலைத்தோலின் ரத்தக்குழாய்கள் அடர்த்தியான நார்த்திசுவில் ஒட்டிக்கொண்டிருப்பதால் அறுபட்டாலும் சுருங்கி மூடிக்கொள்ள முடியாமல் வாய் திறந்தபடியே கிடக்கும். ஆகையால் ரத்தம் கொட்டும். பார்ப்பவர்களுக்கு மண்டையே உடைந்துவிட்டதாகத்தான் தோன்றும்.

காயத்தை அது உண்டான விதத்தைக் கொண்டு வகைப்படுத்துவது இன்று நேற்றைய யோசனையும் கிடையாது. சுசுருத சங்கிதை அடிபட்டு உண்டாகும் புண்களை ஆறாகப் பிரிக்கிறது: வெட்டுண்டது, உள்ளுறுப்பு வரை துளைபட்டது, குத்துண்டது, வெட்டும் குத்துமாய்ச் சிதைந்தது, நசுங்கியது, தேய்ந்து உரிந்தது. இன்றைய தடயவியல் அட்டவணையில் துப்பாக்கிக் காயம், தீக்காயம் போன்றவற்றை எடுத்துவிட்டால் மிஞ்சுவது கிட்டத்தட்ட இதுதான்.

இராமேஸ்வரத்துக்கு எதிர்க்கரையில் இந்தச் சொற்களைப் பாடப் புத்தகத்தில் ஏற்றும் வேலை பத்தொன்பதாம் நூற்றாண்டிலேயே நடந்தது. அமெரிக்க மருத்துவரான சாமுவேல் ஃபிஸ்க் கிறீன் 1847இல் யாழ்ப்பாணம் வந்து, மானிப்பாயில் மருத்துவமனை நடத்தி, உள்ளூர் இளைஞர்களுக்குத் தமிழிலேயே மேலை மருத்துவம் சொல்லிக்கொடுத்தார். அவரும் அவருடைய மாணவர்களும் உருவாக்கிய அறுவை மருத்துவ நூல் 1867இல் அச்சேறியது. ஆங்கிலத்தில் டிரூயிட் எழுதிய நூலின் தமிழாக்கமான அதற்கு வைத்த பெயர் 'இரண வைத்தியம்'. அறுவை என்பதை அறுக்கும் கத்தியின் பக்கமிருந்து பார்க்காமல் அறுபட்ட உடம்பின் பக்கமிருந்து பார்த்த பெயர் அது. மயக்க மருந்து அப்போதுதான் பழக்கத்துக்கு வந்திருந்தது. கிருமிநீக்கம் இன்னும் வரவில்லை. அக்காலத்து அறுவைக்காரரின் பெரும்பொழுது ஏற்கெனவே உண்டான ரணத்தோடு போராடுவதிலேயே கழிந்தது என்பதால் பெயர் மிகப் பொருத்தம்.

குத்துக்கு வருவோம். இந்தக் கரையில் அதுதான் முக்கியமான காயம்.

கெளுத்தி மீனுக்கு முதுகில் ஒரு முள், இரண்டு பக்கத் துடுப்பிலும் ஒவ்வொரு முள். பயந்தால் மூன்றையும் விறைத்து நிறுத்தி, அடியிலுள்ள மூட்டில் பூட்டிக்கொள்ளும். செத்த பிறகும் பூட்டு விடுவதில்லை என்பதால் வலையைத் தட்டும்போதுதான் கை பெரும்பாலும் மாட்டுகிறது. முள்ளைச் சுற்றியுள்ள தோலில் நஞ்சுச் சுரப்பி அணுக்கள் இருக்கின்றன. திருக்கையின் ஆயுதம் இன்னும் கொடியது. வால்மேல் படுத்திருக்கும் எலும்பு போன்ற முள்ளின் இரு ஓரமும் ரம்பம். பற்கள் பின்னோக்கிச் சாய்ந்திருக்கும். மணலில் புதைந்து கிடக்கும் திருக்கையைக் கால் மிதித்ததும் வால் சுழன்று முள் ஏறுகிறது. ஏறும்போது அது குத்து; பிடுங்கும்போது பற்கள் சதையைப் பிய்த்துக்கொண்டு வருவதால் கிழிசல். முள்ளின் மேல் உறையாக இருந்த தோலும் அதன் நஞ்சும் உள்ளேயே தங்கிவிடும். ஒரே காயத்துக்கு இரண்டு வினைச்சொல் தேவைப்படும் இடம் இது. 2006 செப்டம்பரில் ஆஸ்திரேலியத் தொலைக்காட்சிப் புகழ் ஸ்டீவ் இர்வின் இறந்தது திருக்கை முள் நெஞ்சில் பாய்ந்துதான். கால் கையில் ஏறிய முள் வேறு. கழுத்து, நெஞ்சு, வயிற்றில் ஏறியதை வெளியே யாரும் இழுக்கக் கூடாது. மருத்துவமனையில்தான் எடுக்க வேண்டும்.

திருக்கை, கெளுத்தி நஞ்சின் முக்கியக் கூறு புரதம். வெப்பத்தில் அது உருக்குலையும். கை கால் தாங்குகிற அளவுக்குச் சூடான நீரில், அதாவது 45 டிகிரி செல்சியஸைத் தாண்டாமல், அரை மணி முதல் ஒன்றரை மணி நேரம் ஊறவைப்பதுதான் உலகெங்கும் சொல்லப்படும் முதலுதவி. சூட்டை அடிபடாத கையால் பார்க்க வேண்டும். வலியில் துடிக்கிற கால் கொதிநீரையும் பொறுத்துக்கொள்ளும். பிறகு குத்தோடு தீக்காயமும் சேரும்.

குத்தைச் சின்னக் காயம் என்று நினைக்க வைப்பது அதன் வாய். வெட்டு அகலமாகத் திறந்து ரத்தத்தால் தன்னைத்தானே ஓரளவு கழுவிக்கொள்கிறது. குத்து உடனே மூடிக்கொள்கிறது. உள்ளே போன மண்ணும் கிருமியும் காற்றில்லாத குழியில் சிறைப்படுகின்றன. டெட்டனஸ் கிருமிக்கு இதைவிட வேறென்ன வேண்டும்? 1889இல் ஜப்பானியரான கிட்டசாட்டோ பெர்லினில் அதைத் தனியே பிரித்து வளர்த்தபோதுதான் ஆக்சிஜன் அதற்கு ஆகாது என்பது உறுதியானது. தமிழில் அந்த நோயின் பழைய பெயர் இரணஜன்னி. துருப்பிடித்த ஆணிதான் நோயைத் தருகிறது என்ற நம்பிக்கை இன்னும் போகவில்லை. துருவுக்கு அதில் பங்கில்லை. ஆணி ஆழமாகக் குத்துகிறது, மண்ணில் கிடந்திருக்கிறது, அவ்வளவுதான். மண்ணில் கிடந்த சிப்பி ஓடும் கருவேல முள்ளும் அதே வேலையைச் செய்யும். காயம் பட்டதும் போடும் ஊசியை மக்கள் 'டி.டி.' என்கிறார்கள். டெட்டனஸ் ஊசியோடு தொண்டை அடைப்பானுக்கான மருந்தும் சேர்ந்த புது ஊசி 2019 முதல் அதன் இடத்துக்கு வந்தது. ஆங்கிலத்தில் சுருக்கப் பெயரின் இரண்டாம் எழுத்து மாறியது; தமிழ் எழுத்தில் பழையதும் 'டி.டி.', புதியதும் 'டி.டி.'. மக்களுக்குப் பெயர் மாற்றும் சிரமமே இல்லாமல் போயிற்று.

குத்தைப் பற்றி இன்னொரு வினோதம். உருண்டையான ஊசியால் குத்தினால் துளை உருண்டையாக இருக்க வேண்டும்தானே? 1834இல் பிரெஞ்சு அறுவை மருத்துவர் டுப்யூட்ரென், உருண்டைக் குத்தூசிக் காயங்களின் வாய் நீள்வட்டமாக இருப்பதைக் குறித்தார். வியன்னாவின் கார்ல் லாங்கர் 1861இல் சடலங்களின் தோலெங்கும் உருண்டைக் கருவியால் துளையிட்டு, நீள்வட்டங்கள் எந்தத் திசையில் படுக்கின்றன என்று வரைபடமே போட்டார். தோல் தன் இழைகளின் வாக்கில் எப்போதும் இழுபட்டு நிற்கிறது. அந்த வாக்கில் கீறிய காயம் ஒட்டி நிற்கும். குறுக்கே கீறியது வாய் பிளக்கும். தழும்பு மெல்லிசாக வர வேண்டுமென்று அறுவை மருத்துவர்கள் இன்றும் இந்தக் கோடுகளைப் பார்த்துக் கத்தி வைக்கிறார்கள்.

ஒரு காயம் எப்படி வலிக்கிறது என்பதற்கும் தமிழில் சொல் பஞ்சமில்லை. சுள்ளென்கிறது, எரிகிறது, காந்துகிறது, கடுக்கிறது, குடைகிறது, விண்விண்ணென்று தெறிக்கிறது. கனடாவின் ரொனால்ட் மெல்சாக் 1975இல் வெளியிட்ட மெக்கில் வலி வினாத்தாள் இப்படிப்பட்ட சொற்களைத்தான் மருத்துவக் கருவியாக்கியது. ஆங்கிலத்தில் 78 சொற்களை 20 குழுக்களாகப் பிரித்து, நோயாளி எதைத் தேர்ந்தெடுக்கிறார் என்பதிலிருந்து வலியின் தன்மையைக் கணிக்க முயன்றது. நோயாளியின் சொல்லைத் தரவாக மதித்த வேலை அது.

அந்தச் சொற்களுக்கு உடம்பில் இடமும் உண்டு. முள் ஏறிய கணத்தில் வரும் 'சுள்' ஒருவகை நரம்பிழையில் ஓடுகிறது. உறை போர்த்திய அந்த மெல்லிய இழையில் செய்தி நொடிக்கு 5 முதல் 30 மீட்டர் வரை போகும். பின்னால் வரும் காந்தல் உறையில்லாத இழைகளில், நொடிக்கு 2 மீட்டருக்கும் குறைவான வேகத்தில் வருகிறது. காலில் குத்துப்பட்டால் இரண்டுக்கும் இடைவெளி தெளிவாகத் தெரியும், தூரம் அதிகம். 'விண்விண்' விஷயத்தில் ஒரு சந்தேகம் கிளம்பியிருக்கிறது. நாடி துடிக்கிற தாளத்துக்கு வலியும் தெறிக்கிறது என்றே எல்லோரும் நம்பிவந்தார்கள். ஃபுளோரிடா பல்கலைக்கழக ஆய்வாளர்கள் பல்வலிக்காரர்களிடம் தெறிப்பு வரும்போதெல்லாம் பொத்தானை அழுத்தச் சொல்லி, கூடவே நாடியையும் அளந்தார்கள். 2012இல் வெளியான முடிவில் நாடி நிமிடத்துக்குச் சராசரி 73, தெறிப்பு 44. இரண்டும் ஒத்துப்போகவில்லை. தாளம் காயத்தில் இல்லை, மூளையில் பிறக்கிறது போலும்.

கடலோரத்தில் ஒரு பிராணிக்கு அது தரும் துன்பமே பெயராகிவிட்டது. புத்தகங்கள் இழுதுமீன் என்றும் ஜெல்லி மீன் என்றும் அழைப்பதை மீனவர்கள் சொறி என்பார்கள். பட்ட இடம் தடித்துச் சிவந்து அரிக்கும். விவரம் பெயரிலேயே இருக்கிறது. இது குத்துகிறதா, சுடுகிறதா என்று கேட்டால் குத்துத்தான். ஒவ்வொரு கொட்டணுவுக்குள்ளும் சுருண்டு கிடக்கும் நுண்குழல் தொட்டதும் வெளியே பாய்ந்து தோலைத் துளைக்கிறது. இதே குடும்பத்து ஹைட்ராவில் அந்தப் பாய்ச்சலை ஜெர்மன் ஆய்வாளர்கள் 2006இல் அளந்தபோது நேரம் வெறும் 700 நானோவினாடி என்று வந்தது. உயிருலகில் அறியப்பட்ட மிக வேகமான அசைவுகளில் அதுவும் ஒன்று. ஆயிரக்கணக்கான குத்துகள் ஒன்றாய்ச் சேரும்போது மூளைக்கு அவை தனித்தனியாகத் தெரிவதில்லை, சுட்டதாகத்தான் தெரிகிறது. மணலைப் போட்டுத் தேய்ப்பதும் நல்ல தண்ணீரை ஊற்றுவதும் வெடிக்காமல் ஒட்டியிருக்கும் மிச்ச அணுக்களையும் கிளப்பிவிடக் கூடும்.

இனி, வினைச்சொல்லின் வால். "கத்தி வெட்டிருச்சு" என்றால் தற்செயல். "கையை வெட்டிக்கிட்டான்" என்றால் தானே செய்துகொண்டது. "வெட்டிட்டாங்க" என்றால் வழக்கு. விபத்தா, தானே செய்ததா, பிறர் செய்ததா என்பது தடயவியல் மருத்துவர் ஒவ்வொரு காயத்தின் முன்பும் கேட்டுக்கொள்ளும் கேள்வி. தமிழ் வினைமுற்று அதைக் கேட்காமலே சொல்லிவிடுகிறது. ஆகவே மறைக்க வேண்டியவர்கள் எந்த வடிவத்தைப் பிடிக்கிறார்கள் என்பதும் சுவையானது. "அடிபட்டிருச்சு" என்பார்கள். எது, எப்படி, யார், எதுவும் அதில் இல்லை. தமிழிலேயே மிகப் பாதுகாப்பான காயச்சொல் அதுதான்.

அடிதடி, விபத்து என்று வந்தால் அரசு மருத்துவமனையில் விபத்துப் பதிவேட்டில் பதிவார்கள். எப்போது, எங்கே, எத்தனை பேர், தெரிந்தவரா தெரியாதவரா, எந்த ஆயுதம் என்று காயம்பட்டவர் சொன்னதைச் சொன்னபடி எழுதிவிட்டு, கண்ணால் கண்டதைத் தனியே எழுத வேண்டும். "அரிவாளால் வெட்டினார்கள்" என்ற வாக்குமூலத்துக்குக் கீழே கன்றிய விளிம்பும் திசு இழைகளும் உள்ள கிழிசல் பதிவானால் வழக்கு ஆட்டம் காணும். உள்ளங்கையிலும் முன்கையிலும் வெட்டு இருந்தால் அவர் தடுக்கக் கை நீட்டியிருக்கிறார். கடைசியில் வரும் காயச்சான்றில் சாதாரணக் காயமா கொடுங்காயமா என்ற ஒரு வரிதான் எதிராளியின் தண்டனையைத் தீர்மானிக்கும். 1860இன் இந்தியத் தண்டனைச் சட்டம் கொடுங்காயத்தை எட்டு வகையாக வரையறுத்தது. எலும்பு முறிவு அதில் ஒன்று. அதனால்தான் மண்டை 'உடைந்ததா' என்பது வெறும் பேச்சு வழக்கோடு நிற்பதில்லை. எட்டாவது வகையில், கடும் வலியில் அல்லது அன்றாட வேலை செய்ய முடியாமல் 20 நாள் கிடந்தால் என்று ஒரு கணக்கு இருந்தது. 2024 ஜூலை 1இல் நடைமுறைக்கு வந்த பாரதிய நியாய சன்ஹிதா அதை 15 நாளாகக் குறைத்தது. உடம்பு மாறவில்லை, கொடுங்காயத்தின் எல்லை ஐந்து நாள் நகர்ந்துவிட்டது.

ரத்தம் வராமல் தோலுக்கடியில் கன்றிப்போவதை ஊமைக்காயம் என்று சொல்கிறோம். பேசாத காயம். பதிவேட்டில் அது தன் உருவத்தைவிடச் சின்னதாகவே இடம்பெறும் அபாயம் உண்டு, முக்கியமாக வயிற்றில் பட்டால்.

சங்க காலத்தில் கேள்வியே வேறாக இருந்தது. எப்படிப் பட்டது என்பதை விட எந்தப் பக்கம் பட்டது என்பது பெரிது. மார்பில் பட்டது விழுப்புண், முதுகில் பட்டது புறப்புண். வெண்ணிப் போரில் கரிகாலனிடம் தோற்ற சேரமான் பெருஞ்சேரலாதன், புறப்புண் நாணி வடக்கிருந்து உயிர் விட்டதைப் புறநானூற்றின் 65, 66ஆம் பாடல்கள் பேசுகின்றன. முன்பக்கம் குறிவைத்து எறிந்ததால் வந்த புறப்புண் என்று 65ஆம் பாடலே சொல்கிறது. வேல் மார்பில் நுழைந்து முதுகில் வெளியேறியிருக்கிறது. இன்றைய சவப் பரிசோதனை அறிக்கையில் நுழைவுக் காயம், வெளியேற்றக் காயம் என்று இரண்டு தலைப்புகள் உண்டு. அந்த இரண்டு சொற்கள் இருந்திருந்தால் சேரனுக்கு நாணவே காரணம் இல்லை. அதே காலத்துத் தமிழில் கூர்ந்த மருத்துவப் பார்வையும் இருந்தது. பதிற்றுப்பத்தின் 42ஆம் பாட்டில், செங்குட்டுவனின் வீரர்களுடைய நீண்ட வெட்டுக்காயத்தைத் தைக்கும் வெள்ளை ஊசி, குளத்தில் மூழ்கி எழும் மீன்கொத்தியைப் போலப் போய் வருவதாகப் பரணர் காட்டுகிறார். குருதிக்குள் மூழ்கி மறுபுறம் எழும் ஊசியைப் பக்கத்தில் நின்று பார்த்திராமல் இப்படி எழுத முடியாது.

இதுவரை சொன்ன சொற்கள் காயம் உண்டான கணத்தைச் சேர்ந்தவை. அதற்குப் பிறகு நாட்கணக்கில் போகும் சொற்கள் வேறு. இன்று பட்டது காயம். இரண்டு நாள் தள்ளி அது புண். பழுத்தால் சீழ், உள்ளே குழி பறித்தால் புரை, உலர்ந்தால் பொருக்கு, பொருக்கு உதிர்ந்தால் தழும்பு. காயம் வெளியிலிருந்துதான் வரும். புண் உள்ளேயிருந்தும் வரும். வாய்ப்புண்ணை யாரும் வாய்க்காயம் என்பதில்லை. சர்க்கரை நோயாளிக்குக் காலில் எப்போது காயம்பட்டது என்றே தெரியாமல் புண் மட்டும் தெரியவரும். உணர்ச்சி செத்த நரம்பு முதல் கட்டத்தை அறிவிக்காமலே விட்டுவிட்டது.

இந்தப் பயணத்தின் முடிவுக்கு 'ஆறுதல்' என்று பெயர். சோறும் ஆறும், கோபமும் ஆறும், புண்ணும் ஆறும். ரோமானியரான கெல்சஸ் முதலாம் நூற்றாண்டில் அழற்சிக்குச் சொன்ன நான்கு அறிகுறிகள்: சிவப்பு, வீக்கம், சூடு, வலி. சூடு வெறும் உணர்வு அன்று. காயத்தைச் சுற்றிய சிறுகுழாய்கள் விரிந்து ரத்தம் கூடுதலாகப் பாய்வதால் அந்த இடத்தின் வெப்பநிலை உண்மையிலேயே உயர்கிறது. வெள்ளணுக்கள் வேலையை முடித்து, புதுத் திசு வளரத் தொடங்கியபின் அது இறங்கும். நாலைந்து நாள் கழித்தும் சூடு ஏறிக்கொண்டே போனால் கிருமி ஜெயிக்கிறது என்று பொருள்.

கடல்நீர் பட்டால் புண் சீக்கிரம் ஆறும் என்ற பேச்சு கரையில் பலமாக உண்டு. மருத்துவமனையில் காயம் கழுவும் உப்புநீரில் லிட்டருக்கு 9 கிராம் உப்பு; கடல்நீரில் ஏறத்தாழ 35 கிராம். முன்னது ரத்தத்தோடு ஒத்துப்போகும், கிருமி நீக்கியது. பின்னது எரிக்கும், கூடவே வெதுவெதுப்பான கடலில் வாழும் விப்ரியோ இனப் பாக்டீரியாக்களையும் கொண்டுவரும். பெரும்பாலான சிறு காயங்கள் கடலில் நனைந்தும் ஆறிவிடுகின்றன என்பது உண்மை. அது கடலின் புண்ணியத்தை விடத் தோலின் திறமை.

பாம்பன், சின்னப்பாலம் பக்கம் மன்னார் வளைகுடாவில் மூச்சடக்கி மூழ்கிப் பாசி எடுக்கும் பெண்கள் விரல்களில் துணிக் கிழிசலையும் ரப்பரையும் சுற்றிக் கட்டிக்கொண்டுதான் இறங்குகிறார்கள். பாறையில் அப்பியிருக்கும் மரிக்கொழுந்துப் பாசியைப் பிய்க்கும்போது அறுபடுவது பாசி மட்டும் இல்லை. அந்தப் பாசியிலிருந்து எடுக்கும் அகர், காயங்களின் கதையில் எதிர்பாராத இடத்தில் திரும்பி வருகிறது. ஆறாத புண்ணிலிருந்து எடுத்த சீழை ஆய்வகத்தில் தடவி வளர்ப்பது அகர் தட்டில்தான். எந்தக் கிருமி, எந்த மருந்துக்கு அடங்கும் என்பதை அந்தத் தட்டே சொல்கிறது. கிருமியியலாளர் ராபர்ட் கோக்கின் ஆய்வகம் ஜெலட்டினை வைத்துக்கொண்டு, வெயிலில் உருகுகிறதே என்று திண்டாடியபோது, அங்கே வேலை செய்த வால்தர் ஹெஸ்ஸேயின் மனைவி ஃபேன்னி அகரைச் சொன்னார். ஜாவாவில் இருந்துவந்த அறிமுகத்தார் வழியாகச் சமையலறைக்கு வந்த சங்கதி அது. ஆண்டு 1881. நோன்பு மாதத்தில் கீழக்கரை வீடுகளில் செய்யும் கடல்பாசி இனிப்பும் அதே சரக்குத்தான். இதே கடலில் கிடைக்கும் கட்டக்கோரைப் பாசியிலிருந்து அல்ஜினேட் வருகிறது. அந்தச் சேர்மத்தில் நெய்த கட்டுத்துணியைக் கசியும் புண்மேல் வைத்தால், இழையிலுள்ள கால்சியமும் புண்ணீரின் சோடியமும் இடம் மாறிக்கொண்டு துணி கூழாகிறது. கட்டு மாற்றும்போது புதுத்தோல் பிய்வதில்லை.

பச்சிலை வைத்தியத்திலும் ஒரு திருப்பம் உண்டு. தமிழ்நாட்டில் வரப்போரமெங்கும் முளைத்து, கசக்கிக் காயத்தில் பிழியப்படும் செடிக்குப் பெயரே வெட்டுக்காயப் பூண்டு. நம் மண்ணின் ஆதிச் செடி என்று நினைக்கத் தோன்றும். அதன் தாயகம் மெக்சிகோவும் வெப்பமண்டல அமெரிக்காவும். கடல்தாண்டி வந்து சில நூறாண்டுக்குள் வேலையின் பெயரையே சொந்தப் பெயராக்கிக்கொண்டுவிட்டது. மஞ்சளுக்கு நேர்ந்தது இதற்கு நேர்மாறு. காயத்தில் மஞ்சள்தூள் போடுவதற்கு 1995இல் அமெரிக்காவில் காப்புரிமையே கொடுத்துவிட்டார்கள். இந்தியாவின் அறிவியல் தொழிலக ஆய்வுக் கழகம் பழைய நூல்களைச் சான்று காட்டி வாதாடி 1997இல் அதை விழத்தட்டியது.

தழும்புக்கு வந்தால், அது பழைய தோல் கிடையாது. பழைய தோலில் கொலாஜன் இழைகள் கூடைப் பின்னலாகக் கிடக்கும். தழும்பில் ஒரே திசையில் அடுக்கப்பட்டிருக்கும். மயிர்க்கால் இல்லை, வியர்வைச் சுரப்பி இல்லை. மூன்றாம் வாரத்தில் அதன் வலு பழைய தோலின் வலுவில் கால்பங்கு அளவுதான். மாதங்கள் கழிந்தாலும் 80 சதவீதத்தைத் தாண்டுவதில்லை. அதோடு, அந்தக் கொலாஜன் ஓயாமல் அழிந்து புதிதாகக் கட்டப்பட்டுக்கொண்டே இருக்கிறது. இதை உலகுக்குக் காட்டியது ஒரு கப்பல் பயணம். 1740இல் கிளம்பிய ஆன்சனின் பிரிட்டிஷ் கடற்படையில் ஸ்கர்வி பரவியபோது, அயர்லாந்தில் 1690இல் நடந்த பாய்ன் போரில் காயம்பட்ட கிழ மாலுமி ஒருவருக்கு, ஐம்பது ஆண்டுக்கு முன் ஆறிய காயம் மறுபடி வாய் திறந்தது. ஒட்டிய எலும்பு முறிவும் கரைந்து பிரிந்தது. காரணம் வைட்டமின் சி. அது இல்லாமல் புதுக் கொலாஜன் முறுக்கேறுவதில்லை. அழிவு மட்டும் நடந்துகொண்டிருக்கும். தழும்பில் அந்தப் பராமரிப்பு மற்ற தோலைவிட மும்முரம் என்பதால் அங்கேதான் முதலில் அறுந்தது.

சாதாரணமாக அப்படி எதுவும் நடப்பதில்லை என்ற தைரியத்தில்தான் தமிழ்நாட்டில் பள்ளிச் சான்றிதழில் அங்க அடையாளம் என்று இரண்டு வரி எழுதுகிறார்கள். வகுப்பாசிரியர் முதலில் மச்சம் தேடுவார். கிடைக்காவிட்டால் முழங்காலைக் காட்டச் சொல்வார். எப்போதோ சிப்பி கிழித்த இடம் அங்கே இருக்கும். எது கிழித்தது, யார் தைத்தது, எத்தனை நாள் சீழ் பிடித்தது என்ற விவரமெல்லாம் உதிர்ந்துபோய், வலது முழங்காலில் ஒரு தழும்பு என்று மட்டும் பதிவாகும்.